கூட்டணுமா, கழிக்கணுமா

என் மகள் நான்காம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில் அவளுடைய பள்ளியில் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். இந்த ஆண்டிலிருந்து கணக்கைப் புது முறையில் சொல்லிக்கொடுக்கப் போகிறோம், பிள்ளைகள் முதலில் படம் வரைவார்கள், வரைந்து யோசித்த பிறகுதான் கணக்குப் போடுவார்கள், வீட்டில் யாரும் அவசரப்பட்டுப் பழைய முறையைச் சொல்லித்தர வேண்டாம் என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நான் கணக்கு டீச்சர். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வருஷம் பஸ்ஸில் போய்வந்து எம்.எஸ்ஸி. முடித்தவள். லாஸ்பேட்டையில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு வருஷமாக வேலை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். நான்காம் வகுப்புக் கணக்கைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன்.

தலைமையாசிரியை பேசி முடித்ததும் மகளின் வகுப்பு ஆசிரியை எழுந்து வந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். போர்டில் ஒரு நீளமான கட்டம் வரைந்தார், அதற்குக் கீழே இன்னொரு கட்டம், முதலாவதைவிடக் கொஞ்சம் நீளமாக. ஒரு பள்ளியில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து எண்பத்து நான்கு பேர், பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அதிகம், ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். நான் தலைநிமிராமல் முப்பத்தாறு என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளைப் புரட்டினேன். அந்தக் கட்டங்களை வைத்து அவர் என்ன விளக்கினார் என்பதை நான் கவனிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பக்கத்திலிருந்த ஒரு அப்பா, இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். நான்கு வரியில் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு கோடு என்று சொன்னதாக ஞாபகம்.

இரண்டு வாரத்தில் அதேபோன்ற ஒரு கணக்கு வீட்டுப்பாடமாக வந்தது. பாடம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், நான் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். மகள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட ஆரம்பித்தாள். அவள் கோடு போட்டு, அழித்து, மறுபடி போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருப் பிள்ளைகள் டியூஷனுக்கு வந்துவிடுவார்கள். நான் அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, ஆண்பிள்ளைகளை எக்ஸ் என்று வைத்துக்கொள், பெண்பிள்ளைகள் எக்ஸ் பிளஸ் பன்னிரண்டு என்று எழுதிக் காட்டினேன்.

"எக்ஸ்னா யாரும்மா?" என்று கேட்டாள்.

என்ன என்று கேட்கவில்லை, யார் என்று கேட்டாள். அதை நான் அப்போது ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். என் கணவர் மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், அன்றைக்கு வீட்டில் இருந்தார். அவரிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு அவளுக்கு எக்ஸ் புரியாது என்று விட்டுவிட்டு, ஒரு குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தேன். அதிகம் என்று போட்டு மொத்தம் கொடுத்திருந்தால், மொத்தத்திலிருந்து அதைக் கழி, இரண்டால் வகு. யோசிக்காதே, அப்படியே செய். அவள் செய்தாள். விடை சரியாக வந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன், அது புரிந்த வெளிச்சம் என்று நம்பினேன்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஒரு குறுக்குவழி. மகள் வேகமானாள். வகுப்பில் நான்தான் முதலில் முடித்தேன் என்று வந்து சொல்வாள். கட்டம் போட்டியா என்று கேட்டால், விடை எழுதினதுக்கு அப்புறம் போட்டேன் என்பாள். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம் அந்த டீச்சர் டைரியில் என்னை வந்து பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். என் பள்ளி விட்டதும் ஸ்கூட்டியில் நேராகப் போனேன். வகுப்பறையில் பிள்ளைகள் இல்லை. அவர் எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, தாழ்வான ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். மகளுடைய நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"விடை எல்லாம் ரைட்டுதான் மேடம். படத்த மட்டும் பாருங்க."

பார்த்தேன். ஆண்பிள்ளைகள் முப்பத்தாறு, பெண்பிள்ளைகள் நாற்பத்தெட்டு என்று அழகாக எழுதியிருந்தாள். கீழே இரண்டு கட்டங்கள். முப்பத்தாறு என்று எழுதிய கட்டம் நாற்பத்தெட்டைவிட நீளமாக இருந்தது. அடுத்த பக்கத்திலும் அப்படித்தான். அதற்கடுத்த பக்கத்தில் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு, உள்ளே வேறு வேறு எண்கள். படத்துக்கும் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். மகள் ஒவ்வொரு கணக்குக்கும் எழுந்து வந்து அவர் காதில் ரகசியமாக, "கூட்டணுமா, கழிக்கணுமா மிஸ்?" என்று கேட்கிறாளாம். ஒரு நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டு என்றாராம். அவள் சந்தோஷமாகப் போய்க் கூட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தில் குரங்கு சாப்பிட்டது போக முன்னைவிட அதிகமாகப் பழம் இருப்பதாக எழுதிக் கொண்டுவந்து காட்டினாளாம்.

நான் சிரிக்க முயற்சி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க மேடம். கொஞ்ச நாளைக்கு நீங்க கணக்கு மட்டும் சொல்லித் தராதீங்க. தப்பா போட்டுட்டு வந்தாலும் பரவாயில்ல. ஒண்ணுமே சொல்லாம இருந்தீங்கன்னா போதும்."

பதினான்கு வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. சரிங்க மிஸ் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டிச் சாவியைத் தேடினேன், அது கையிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னதும் அவர், "இன்னாத்துக்கு நீ இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க? விடு, ஒரு வேலை மிச்சம்" என்றார்.

வேலை மிச்சமாகவில்லை. சும்மா இருப்பதைப்போலக் கஷ்டமான வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. மகள் கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து கணக்குப் போடுவாள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு காதை அங்கே வைத்திருப்பேன். பென்சில் ஓடுகிற சத்தம், நிற்கிற சத்தம், ரப்பரால் தேய்க்கிற சத்தம். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்காது. நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். சரியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நாக்கு துறுதுறுக்கும். உள்ளே திரும்பி வந்துவிடுவேன்.

"அம்மா, இது சரியா?"

"தெரியலடி. நாளைக்கு மிஸ்கிட்ட காட்டு."

"நீ கணக்கு டீச்சர்தான? பெரிய பசங்களுக்கே சொல்லித் தர. உனக்குத் தெரியாதா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு நான் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை அவள் பார்க்கிறாள், அவளுக்கு மட்டும் தெரியாது என்கிறேன். ஒரு நாள் அழுதுவிட்டாள். நான் அவளுக்கு முகம் கழுவிவிட்டு, தலை வாரிப் பின்னிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அப்போது அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. அண்ணனிடம் உள்ள கோலிக்குண்டுகள் தம்பியிடம் உள்ளவற்றைப்போல மூன்று மடங்கு. தம்பியைவிட அண்ணனிடம் பதினெட்டு அதிகம். தம்பியிடம் எத்தனை? ஏற்கெனவே ஒரு தடவை பதினெட்டை மூன்றால் வகுத்து ஆறு என்று எழுதிக் கொண்டுபோயிருந்தாள். டீச்சர் தப்பு என்று போடவில்லை, படத்தை மறுபடியும் பார் என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்.

அந்த மழை நாளில் காலையிலிருந்து அந்த ஒரு கணக்கோடு உட்கார்ந்திருந்தாள். தாளில் ஒரு இடம் தேய்த்துத் தேய்த்து ஓட்டையே விழுந்துவிட்டது. மதியம் சாப்பிட்ட பிறகு மறுபடி உட்கார்ந்தாள். தம்பிக்கு ஒரு கட்டம், அண்ணனுக்கு அதே அளவில் மூன்று கட்டம். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. இது தம்பிகிட்டயும் இருக்கு, அண்ணன்கிட்டயும் இருக்கு. அப்ப அதிகமா இருக்கறது இந்த ரெண்டு கட்டம்தான். பிறகு எழுந்து ஓடிவந்தாள்.

"அம்மா, பதினெட்டு வந்து மூணு கட்டத்துக்கு இல்லம்மா. ரெண்டு கட்டத்துக்குத்தான். அப்ப ஒரு கட்டம் ஒம்போது."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களிடம்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஜூன் மாதம் குறுக்குவழி சொல்லிக்கொடுத்தபோது பார்த்த வெளிச்சம் வேறு, இது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நன்றாகப் போனது. எல்லாக் கணக்கும் வந்துவிடவில்லை, பாதிக்குப் பாதி தப்புதான். ஆனால் காதில் வந்து கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள் என்று டீச்சர் டைரியில் எழுதியிருந்தார். அடுத்த வாரமே மகள் வந்து சொன்னாள், மிஸ் பிரான்ஸுக்குப் போறாங்களாம் என்று.

எங்கள் பாண்டியில் இது ஒன்றும் அதிசயமில்லை. யார் வீட்டிலாவது யாராவது பிரான்ஸுக்குப் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். அவருடைய கணவர் அங்கே ஒரு ஓட்டலில் வேலையில் இருந்தார், கல்யாணமாகி இரண்டு வருஷமாகப் பேப்பர்களுக்குக் காத்திருந்தார்கள், இப்போது வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். நல்ல செய்திதான்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்ட குடும்பங்களை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். வாசலில் ஈசிசேரில் உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "போன்ழூர் மதாம், உள்ள வாங்க" என்றார். உள்ளே இரண்டு பெரிய சூட்கேஸ்கள் திறந்து கிடந்தன. டீச்சர் தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர்களுக்கு நடுவில் ஊறுகாய் பாக்கெட்டுகளைச் சொருகிக்கொண்டிருந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் போன பிறகு இதை யார் சொல்லித்தருவார்கள் என்று தெரியவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் அவரைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவள், அவர் இதுவரை தொடக்கப் பள்ளியைத் தாண்டி வகுப்பெடுத்ததில்லை. சங்கடப்பட்டார். பிறகு ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலை என்னிடம் கொடுத்தார்.

"நானே ஒண்ணு சொல்றேங்க்கா" என்றார். அன்றிலிருந்து மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன். "பாண்டியில இருந்து ஒரு பஸ் கெளம்புது. மூணுல ஒரு பங்கு ஆளுங்க கோட்டக்குப்பத்துல எறங்கிடறாங்க. மீதி இருக்கறவங்கள்ல பாதிப் பேரு காலாப்பட்டுல எறங்கறாங்க. நடுவுல யாரும் ஏறல. இப்ப பஸ்ல பதினஞ்சு பேர் இருக்காங்க. கெளம்பும்போது எத்தன பேரு?"

எனக்கு நாற்பத்தைந்து என்று உடனே தெரிந்துவிட்டது. எக்ஸிலிருந்து மூன்றில் ஒரு எக்ஸ் போனால் மூன்றில் இரண்டு, அதில் பாதி மூன்றில் ஒன்று, அது பதினைந்து. தாளில் ஒரு நீளக் கட்டம் போட்டு, மேலே நாற்பத்தைந்து என்று எழுதி, அதை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பதினைந்து என்று எழுதி நீட்டினேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது பாப்பா போட்ட மாதிரியே இருக்குதுக்கா. விடை தெரிஞ்ச அப்புறம் போட்ட படம்."

அவர் கையால் என் படத்தை மறைத்துவிட்டுப் பக்கத்தில் வெறும் கட்டம் ஒன்று போட்டார். எண்களே இல்லை. மூன்று துண்டாக்கினார். ஒரு துண்டைக் கோடு போட்டு அடித்தார், இவங்க எறங்கிட்டாங்க என்றார். மிச்சம் இரண்டு துண்டு. அதில் பாதி என்றால் ஒரு துண்டு, அதையும் அடித்தார். ஒரே ஒரு துண்டு நின்றது. அதில் பதினைந்து பேர். அவ்வளவுதான். எக்ஸும் இல்லை, பின்னமும் இல்லை. அந்த பஸ்ஸில் இரண்டு வருஷம் போய்வந்தவள் நான். ஒரு பஸ்ஸில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் இறங்கினால் எவ்வளவு இடம் காலியாகும் என்று நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை என்று தோன்றியது.

மூன்று சாயங்காலம் போனேன். ஒவ்வொரு கணக்கிலும் அதேதான் நடந்தது. அவர் கேட்டு முடிப்பதற்குள் என் தலைக்குள் விடை வந்து நின்றுவிடும். வராதே என்று சொன்னாலும் கேட்காது. விடை தெரியாதவளைப்போல யோசித்துப் படம் போடப் பார்த்தேன், கை வரவில்லை. மூன்றாவது நாள் அவரும் களைத்துப்போயிருந்தார். சூட்கேஸின் எடை அளவுக்கு மேல் போய்விட்டதென்று அப்பா எதையோ வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொன்னா எனக்கே இது முழுசா வராதுங்க்கா" என்றார் அவர். "முந்தின நாள் ஒக்காந்து நானே போட்டுப் பாத்துட்டுத்தான் கிளாஸுக்குப் போவேன். நான் போயிட்டா அவங்க இதை விட்டுடுவாங்க. ஹெச்.எம்.கிட்ட சொல்லிப் பாத்துட்டேன். சரி சரின்றாங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவருக்குக் கொடுக்க நான் ஒன்றும் வாங்கிப் போகவில்லை என்பது தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அவர் சொன்னபடியே நடந்தது. அந்த இடத்துக்கு உடனே ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வகுப்பையும் சேர்த்து, அறையை மறைத்திருந்த தட்டியை எடுத்துவிட்டு, ஒரே டீச்சரிடம் விட்டார்கள். அவர் அனுபவமுள்ளவர், அன்பானவரும்கூட. தொண்டை எரிய எரிய அத்தனை பிள்ளைகளையும் சமாளித்தார். சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். மொத்தம், சேர்ந்து, எல்லாமாக என்று வந்தால் கூட்டு. மீதி, குறைவு, போக என்று வந்தால் கழி. மகள் அதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டு வந்து என்னிடம் ஒப்பித்தாள். பல நாள் தூக்கமில்லாமல் இருந்தவள் நன்றாகத் தூங்கி எழுந்ததைப்போல இருந்தாள்.

நான் விடவில்லை. இனிமேல் பேசலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டு, பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டம் போடலாமா என்று கேட்டேன். மிஸ் வேணாம்னு சொல்லிட்டாங்க, நேரமாவும்னு சொன்னாங்க என்றாள். மிஸ்ஸுக்கு வேண்டாம், நாம் விளையாட்டுக்குப் போடலாம் என்றேன். எனக்காக இரண்டு நாள் போட்டாள். மூன்றாவது நாள் நோட்டை மூடிவிட்டுத் தெருவுக்கு விளையாடப் போய்விட்டாள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அந்தக் கணக்கு வந்தது. தேங்காய்த்திட்டிலிருந்து ஒரு அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு போகிறார். வழியில் தங்கைக்கு இருபத்தெட்டு மீன் கொடுத்துவிட்டார். மீதி முப்பத்தைந்து மீன் இருக்கிறது. முதலில் கூடையில் எத்தனை மீன் இருந்தது? மகள் யோசிக்கவே இல்லை. முப்பத்தைந்திலிருந்து இருபத்தெட்டைக் கழித்து ஏழு என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முதல்ல ஏழு மீன்தான் இருந்துச்சுன்னா, தங்கச்சிக்கு இருபத்தெட்டு எப்படிடி குடுப்பாங்க?"

"மீதின்னு போட்டிருக்கும்மா."

"போட்டிருக்கட்டும். கூடைய நெனச்சுப் பாரு. அதுல இருந்து எடுத்துக் குடுத்துட்டாங்க. குடுத்த பிறகும் முப்பத்தஞ்சு இருக்கு."

"மீதி வந்தா கழிக்கணும். சார்ட்லயே இருக்கு."

கட்டம் வரைந்தேன். இது கொடுத்தது, இது கூடையில் நிற்கிறது என்றேன். பிறகு சமையலறையிலிருந்து கிண்ணத்தில் வேர்க்கடலை எடுத்துவந்து, அவள் கண் முன்னால் ஒரு கை அள்ளித் தனியே வைத்தேன். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் வந்துவிட்டது. டீச்சர் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறாள், இதில் எது தப்பானாலும் அடி தனக்குத்தான் என்பதுபோன்ற பயம். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் அன்றைக்கு என் குரல் உயர்ந்துவிட்டது. கண்ணைத் திறந்து பாருடி என்று கத்திவிட்டேன். வாசலில் டியூஷனுக்கு வந்து நின்ற பிள்ளைகள் உள்ளே வராமல் அப்படியே நின்றார்கள்.

மகள் அழவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப சொல்லிடும்மா. கூட்டணுமா?"

பழைய டீச்சர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு நாளோ ஒரு வாரமோ காத்திருப்பார். எனக்கு வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள், நாளை அவளுக்குத் தேர்வு, அடுப்பில் பால் இருக்கிறது.

"ஆமா. கூட்டு" என்றேன்.

கூட்டினாள். அறுபத்து மூன்று என்று எழுதினாள். தள்ளிவைத்திருந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டே அடுத்த கணக்கைப் போட்டாள். நான் போய்ப் பாலை இறக்கினேன்.

ஆண்டுத் தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல். மூன்று நான்கு கணக்குகளை அந்த சார்ட்டே காப்பாற்றிவிட்டது, அது தப்பு வழி காட்டியிருக்கக்கூடிய கணக்கு ஒன்றும் வரவில்லை. என் கணவர் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நான் சார்ட் ஒட்டிய டீச்சரைப் போய்ப் பார்த்தேன். என் மகளுக்குக் கணக்கு புரியவில்லை என்று நினைக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மதிப்பெண் பட்டியலைத் திருப்பி அவள் பெயருக்கு நேரே விரல் வைத்துக் காட்டினார். இதுக்கு மேல என்னங்க மேடம் வேணும், உங்க பொண்ணு மாதிரி எல்லாப் பிள்ளைங்களும் இருந்தா நான் நிம்மதியா இருப்பேன் என்றார். அவர் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார், கோடையிலும் தொண்டைக்கட்டு. நானும் அப்படிப்பட்ட பட்டியல்களைத்தான் பதினான்கு வருஷமாகப் பெற்றோர்களுக்குத் திருப்பிக் காட்டி வந்திருக்கிறேன்.

ஜூனில் என் பள்ளி திறந்ததும் பதினொன்றாம் வகுப்பில் ஒரு கணக்கைப் போர்டில் எழுதி, யாரும் எதுவும் எழுத வேண்டாம், முதலில் இதைப் படமாக வரையுங்கள் என்றேன். ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண், எந்த ஃபார்முலா மிஸ் என்று கேட்டாள். ஃபார்முலா வேண்டாம், என்ன நடக்கிறதென்று வரை என்றேன். அவள் நோட்டில் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, நான் போர்டில் வரைவேன், பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். இரண்டு பீரியட் அப்படிப் போயிற்று. ஒருவரும் வரையவில்லை. அந்த வாரம் போர்ஷன் பின்தங்கிவிட்டது என்று பிரின்ஸிபால் கூப்பிட்டுக் கேட்டார். மறுநாள் ஃபார்முலாவை எழுதிப் போட்டேன். வகுப்பே மூச்சு விட்டது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் பிரான்ஸிலிருந்து அந்த டீச்சர் கூப்பிட்டார். அங்கே பள்ளியில் வேலை கிடைக்க நிறைய படிக்க வேண்டுமாம், இப்போதைக்கு ஒரு கடையில் துணி அடுக்குகிற வேலை. குளிர் பழகிவிட்டது, பாஷைதான் பழகவில்லை, வீட்டில் அப்பா பேசுவது ஒரு மாதிரி, இங்கே பேசுவது வேறு மாதிரி என்றார். அப்பாவுக்கு முட்டிவலி எப்படியிருக்கிறதென்று யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால் தேவலை என்றார். போய்ப் பார்க்கிறேன் என்றேன். பிறகு கேட்டார்.

"பாப்பா இன்னும் கட்டம் போடறாளாக்கா?"

அவர் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. அத்தனை தூரத்தில், அத்தனை துணிக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் எங்கள் வீட்டுப் பாயை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"போடறா மிஸ்" என்றேன்.

அப்பாடா என்றார். அது போதும்க்கா, அவ போட்டா அவளப் பாத்து நாலு பேரு போடுவாங்க என்றார். இன்னும் ஏதோ சொன்னார், எனக்குக் காதில் ஏறவில்லை. போனை வைத்த பிறகு பார்த்தால் மகள் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புக்கு வந்ததில் உயரம் கூடியிருந்தாள்.

"பழைய மிஸ்ஸாம்மா? என்னா கேட்டாங்க?"

"உன்னத்தான் கேட்டாங்க."

"கணக்குல நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"சந்தோஷப்பட்டாங்களா?"

ரொம்ப சந்தோஷப்பட்டார்கள் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். நான் ஜன்னலருகே போய், அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.